பிரதிப்பெயர் மீது விழுந்த பழி

ஆங்கிலம் எழுதப் பழகும் எவருக்கும் இன்று முதலில் சொல்லப்படும் எச்சரிக்கைகளுள் ஒன்று, ஹீ, ஷீ, இட், தே, திஸ் ஆகிய பிரதிப்பெயர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது. பள்ளி இலக்கண நூலில் இது இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரும் எழுத்து வழிகாட்டியில் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுகளுக்குத் தயார்செய்யும் பயிற்சி வகுப்புகளிலும் இதே பாடம்தான். பாடத்தின் உள்ளடக்கம் இரண்டு விதிகள். பிரதிப்பெயர் தனக்கு முன்னால் மிக அருகில் உள்ள பெயர்ச்சொல்லையே சுட்டும் என்பது ஒன்று. சந்தேகம் வந்தால் பிரதிப்பெயரை எடுத்துவிட்டுப் பெயரையே மறுபடியும் எழுது என்பது மற்றது. இலக்கணம் திருத்தும் மென்பொருள்களும் இதைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாக்கியம் 'திஸ்' என்று தொடங்கினாலே அடிக்கோடு போடுகின்றன.

இரண்டு விதிகளும் தவறு என்பது என் கட்சி. முதல் விதி, ஆங்கிலம் இயங்கும் முறையைப் பற்றிய பொய்த் தகவல். இரண்டாவது விதி, காய்ச்சல்காரனுக்குக் காலில் கட்டுப்போடும் வைத்தியம். பொருள் மயக்கம் உண்மையான சிக்கல், அதைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தன் பத்தி யாரைப் பற்றியது என்பதை எழுதுகிறவர் முடிவுசெய்யாமல் பேனாவை எடுத்ததால்தான் அந்த மயக்கம் பிறக்கிறது. முடிவுசெய்துவிட்டவருடைய எழுத்தில் பிரதிப்பெயர்கள் எத்தனை வந்தாலும் தடுமாற்றம் இருப்பதில்லை. முடிவுசெய்யாதவர் ஒவ்வொரு ஹீயையும் ஷீயையும் தேடிப் பிடித்து நீக்கினாலும் வாசகர் களைத்துத்தான் போகிறார்.

முதல் விதியைப் பார்ப்போம். அமெரிக்கக் கணினியியலாளர் டெர்ரி வினோகிராட் 1972-இல் முன்வைத்த ஒரு வாக்கியச் சோடி, சிறு மாற்றங்களோடு இன்றுவரை மொழியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டாக இருந்துவருகிறது. நகரசபை உறுப்பினர்கள் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள் என்பது வாக்கியத்தின் முதல் பாதி. இரண்டாம் பாதி, 'பிகாஸ் தே ஃபியர்டு வயலன்ஸ்'. வன்முறைக்கு அஞ்சியவர்கள் யார்? சபை உறுப்பினர்கள்தான். இப்போது ஒரே ஒரு வினையை மாற்றி, 'பிகாஸ் தே அட்வொகேட்டட் வயலன்ஸ்' என்று படியுங்கள். வன்முறையை ஆதரித்தவர்கள் யார்? ஆர்ப்பாட்டக்காரர்கள். 'தே' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் பெயர்களும் அதே வரிசையில் நிற்கின்றன. அருகாமை விதிப்படி இரண்டு வாக்கியத்திலும் ஆர்ப்பாட்டக்காரர்களே வர வேண்டும். ஆனால் ஆங்கிலம் தெரிந்த எவரும் முதல் வாக்கியத்தை அப்படிப் படிப்பதில்லை. அனுமதி வழங்குவது யார் வேலை, மறுப்பதற்கு என்னென்ன காரணம் இருக்கும் என்ற உலக அறிவைக் கொண்டு நொடிப்பொழுதில் 'தே' யார் என்று தீர்த்துவிடுகிறோம். தீர்த்தோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை.

கனடாவின் கணினியியலாளர் ஹெக்டர் லெவெக் 2011-இல் இத்தகைய வாக்கியச் சோடிகளையே இயந்திர அறிவைச் சோதிக்கும் தேர்வாக வைக்கலாம் என்றார். வினோகிராட் பெயரையே அந்தச் சோதனைக்குச் சூட்டினார்கள். 2016-இல் நியூயார்க்கில் போட்டியாக நடந்தபோது எந்த நிரலும் பரிசுக்குரிய அளவை எட்டவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: அருகில் உள்ள பெயர்ச்சொல்லைத் தேடு என்பது உண்மையில் ஆங்கிலத்தின் விதியாக இருந்திருந்தால், நாலு வரி நிரல் எழுதி அந்தப் போட்டியை எவரும் வென்றிருக்கலாம். பெரும் பெரும் ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் திணறிய ஒன்றை ஏழாம் வகுப்புப் பாடநூல் ஒரே வரி விதியாகச் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்துவிட்டு, தங்களுக்கு இயல்பாகப் புரிந்த வாக்கியத்தைப் பிழை என்று குறிக்கிறார்கள்.

வினைச்சொல்லுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கார்வி, கரமாட்சா என்ற இரு உளமொழியியலாளர்கள் 1974-இலேயே இதைக் காட்டினார்கள். கமலா விமலாவைப் பயமுறுத்தினாள் என்று ஆங்கிலத்தில் எழுதி, 'பிகாஸ் ஷீ' என்று நிறுத்தினால், மீதியைக் கமலாவைப் பற்றியதாக எதிர்பார்ப்போம். பயமுறுத்தினாள் என்பதற்குப் பதிலாக வியந்து போற்றினாள் என்ற வினையைப் போட்டால், அதே ஷீ விமலாவாகிவிடுகிறாள். பயமுறுத்தலுக்குக் காரணம் செய்தவளிடம் இருக்கும், போற்றுதலுக்குக் காரணம் போற்றப்பட்டவளிடம் இருக்கும் என்று வினையே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. இதை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பத்து நிமிடம் போதும். அதன் பிறகு அவர்கள் எழுதும் வாக்கியங்களில் வினையைத் தேர்ந்தெடுக்கும் கவனம் வரும். அருகாமை விதி அந்தக் கவனத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

விதிப்பற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சான்று. 2002 அக்டோபரில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பி.எஸ்.ஏ.டி. தேர்வில், எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றிய ஒரு வாக்கியம் கொடுத்து அதில் பிழை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மாரிசனின் மேதைமை அவருக்கு இன்ன வகை நாவல்களை எழுத இடந்தருகிறது என்பது வாக்கியத்தின் போக்கு. பிழை இல்லை என்பதே தேர்வு நடத்தியவர்களின் விடை. மேரிலாந்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் ஏற்க மறுத்தார். 'ஹெர்' என்ற பிரதிப்பெயருக்கு முன்னால் இருப்பது 'டோனி மாரிசன்ஸ்' என்ற உடைமை வடிவம். அது பெயரடை போல நிற்கிறது. பெயரடையைப் பிரதிப்பெயர் சுட்டக் கூடாது என்று சில இலக்கண நூல்கள் சொல்கின்றன. ஆகவே வாக்கியம் பிழை என்பது அவர் வாதம். கடிதப் போக்குவரத்து நீண்டது. 2003-இல் தேர்வு நிறுவனம் அந்த வினாவையே கைவிட்டு, விடைத்தாள்களுக்கு மறுபடி மதிப்பெண் கணக்கிட்டது.

அந்த வாக்கியத்தில் 'ஹெர்' என்பது வேறு யாரையாவது குறிக்க முடியுமா? வாக்கியத்தில் வேறு பெண்ணே கிடையாது. மேதைமை பெண்பால் அல்ல. எந்த வாசகருக்கும் ஓர் இமைப்பொழுது ஐயம்கூட வந்திருக்காது. பெரிய எழுத்தாளர்கள் நூற்றாண்டுகளாக உடைமை வடிவத்தைப் பிரதிப்பெயரால் சுட்டித்தான் எழுதிவந்திருக்கிறார்கள். பொருள் மயக்கத்தைத் தடுக்கப் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் விதி, மயக்கமே இல்லாத வாக்கியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தேர்வு நடத்தியவர்கள் அதற்குப் பணிந்தும் போனார்கள். அங்கே அவர்கள் உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் விதிக்கு வருவோம். சந்தேகமா, பெயரையே திருப்பி எழுது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. திருப்பி எழுதினால் என்ன நஷ்டம், வாக்கியம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதானே என்பார்கள். நஷ்டம் உண்டு. அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பீட்டர் கார்டன், பார்பரா கிராஸ், லாரா கில்லியம் மூவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆளைப் பற்றித் தொடர்ந்து பேசும் ஆங்கில வாக்கியங்களை ஒருமுறை பிரதிப்பெயரோடும் இன்னொரு முறை பெயரைத் திருப்பிப் போட்டும் படிக்கக் கொடுத்தார்கள். எழுவாய் இடத்தில் பெயர் திரும்ப வந்தபோது வாசிப்பு மெதுவானது. பெயர் தெளிவானது, ஐயமற்றது, ஆனாலும் வாசகர் தடைபட்டார். ஏன்?

இதற்கான விளக்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் புனேயில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரவிந்த் ஜோஷி. கிராஸ், வைன்ஸ்டீன் இருவருடனும் சேர்ந்து அவர் வகுத்த மையக் கோட்பாடு 1995-இல் முழு வடிவில் வெளிவந்தது. பேச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்பவர் மனத்தில் ஓர் ஆளோ பொருளோ மையத்தில் இருக்கும். அடுத்த வாக்கியத்தில் ஷீ என்று வந்தால், மையம் மாறவில்லை, அதே ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பெயர் வந்தால் வாசகர் மனம் நிமிர்ந்து உட்காருகிறது. புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள், அல்லது பேச்சு திரும்புகிறது என்று நினைக்கிறது. பார்த்தால் பழைய ஆள்தான். நிமிர்ந்த உழைப்பு வீண். ஆகவே ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் வெறும் சோம்பேறிச் சுருக்கம் அல்ல, அது வாசகருக்கு ஒரு தகவலைத் தருகிறது. அதை நீக்கும்போது அந்தத் தகவலும் போய்விடுகிறது. இந்த ஒன்றை எழுத்துப் பயிற்சியில் சொல்லியிருந்தால், நம் அலுவலகங்களிலிருந்து போகும் எத்தனையோ ஆங்கில அறிக்கைகள் படிக்கக்கூடியவையாக இருந்திருக்கும்.

பிரதிப்பெயருக்குத் தடை விதித்தால் இன்னொன்றும் நடக்கிறது. அதே பெயரை ஐந்து முறை எழுதக் கூசி, எழுதுகிறவர்கள் வேறு வேறு பட்டப்பெயர்களைத் தேடிப் போகிறார்கள். ஆங்கில நடைக்கு வழிகாட்டி எழுதிய ஃபவுலர் சகோதரர்கள் 1906-லேயே இந்தப் பழக்கத்துக்குப் பெயர் சூட்டிக் கண்டித்தார்கள். நம் ஊர் ஆங்கில விளையாட்டுப் பக்கங்களைத் திறந்தால் இன்றும் அது ஆட்சி செய்கிறது. முதல் வாக்கியத்தில் தோனி, அடுத்ததில் ராஞ்சி வீரர், அதற்கடுத்ததில் முன்னாள் கேப்டன், பிறகு மூத்த விக்கெட் கீப்பர். கிரிக்கெட் தெரியாத வாசகர் ஆட்டத்தில் நான்கு பேர் இருப்பதாக எண்ணிக்கொள்வார். ஒரு 'ஹீ' எல்லாவற்றையும் தீர்த்திருக்கும்.

நம் அலுவலக ஆங்கிலத்தில் பிரதிப்பெயருக்குப் பயந்தவர்கள் ஓடி ஒளியும் இடம் ஒன்று உண்டு: 'த சேம்'. பில்லை இணைத்துள்ளேன், 'கைண்ட்லி அப்ரூவ் த சேம்'. ஆங்கிலேயர் காலத்து வணிகக் கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் இருந்து நமக்கு வந்த பழக்கம் இது. 'இட்' என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறது, 'த சேம்' என்றால் சட்டம்போல உறுதியாக இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கு. அந்த உறுதி வெறும் தோற்றம் என்பதற்கு அமெரிக்க அரசியல் சட்டமே சாட்சி.

அதிபர் இறந்தாலோ பதவி விலகினாலோ செயல்பட முடியாமல் போனாலோ என்ன செய்வது என்று சொல்லும் பகுதியில், அந்தப் பதவியையும் அதன் அதிகாரங்களையும் கடமைகளையும் குறிப்பிட்டுவிட்டு, 'த சேம்' துணை அதிபரைச் சேரும் என்று முடித்தார்கள். எது சேரும்? பதவியா, அதிகாரங்களும் கடமைகளும் மட்டுமா? 1841 மார்ச் 4 அன்று பதவியேற்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன், ஏப்ரல் 4 அன்று இறந்தார். துணை அதிபர் ஜான் டைலர், தானே அதிபர் என்றார். முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் போன்றவர்கள், டைலர் துணை அதிபராகவே இருந்துகொண்டு அதிபரின் வேலையைப் பார்க்கிறவர் மட்டுமே என்றார்கள். டைலர் விட்டுக்கொடுக்கவில்லை. காங்கிரஸ் அவரை அதிபர் என்றே ஏற்றது. அவர் வகுத்த வழக்கத்தின்படி ட்ரூமன், லிண்டன் ஜான்சன் உட்பட இன்னும் ஏழு பேர் அதிபர் ஆனார்கள். 1967-இல் வந்த 25-ஆவது திருத்தம்தான், துணை அதிபர் அதிபராகவே ஆவார் என்று எழுத்தில் சொன்னது.

அந்தச் சட்டப் பகுதியை எழுதியவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். சட்ட மரபின் பாதுகாப்பான சொற்களைத் தேடிப் பிடித்தே போட்டார்கள். வெறும் பிரதிப்பெயரைத் தவிர்த்தும் மயக்கம் அப்படியே நின்றது, ஏனென்றால் இரண்டில் எதைக் கொடுக்கிறோம் என்பது வாக்கியத்தில் தீர்மானிக்கப்படவில்லை. தீர்மானித்திருந்தால் வாக்கியத்தின் கட்டமைப்பே வேறாக இருந்திருக்கும்.

விதி எழுதி வைத்துவிட்டால் மட்டும் பிரதிப்பெயர் அடங்கிவிடுமா? இந்தியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் தன் எட்டாவது பிரிவில், 'ஹீ' என்பது ஆண், பெண் இருபாலரையும் குறிக்கும் என்று தெளிவாக அறிவித்தது. சட்டங்களின் சொற்களுக்குப் பொருள் வகுத்த பொதுச் சட்டத்திலும், சந்தர்ப்பம் இடங்கொடுக்காவிட்டால் ஒழிய ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற விதி இருந்தது. இருந்தும், சட்டம் படித்துப் பட்டம் பெற்ற ரெஜினா குஹா வழக்குரைஞராகப் பதிவுசெய்யக் கேட்டபோது, 1916-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. வழக்குத் தொழில் சட்டம் பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்று நீதிபதிகள் கண்டார்கள். பெண்களுக்காகத் தனிச் சட்டமே 1923-இல் இயற்ற வேண்டியிருந்தது. 'ஹீ' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் எழுதி வைத்திருந்தும், நீதிபதிகள் சந்தர்ப்பத்தைக் கொண்டே அதைப் படித்தார்கள். அவர்கள் கண்ட சந்தர்ப்பம் அநீதியானது. ஆனால் ஆங்கில வாசகர் பிரதிப்பெயரைப் படிக்கும் முறை அதுதான் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. இன்று 'ஹீ' தெளிவானது, ஒருமையில் வரும் 'தே' மயக்கம் தருவது என்று வாதிடுபவர்கள் ரெஜினா குஹாவை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 'ஹீ'யையே வைத்துக்கொண்டு, அது ஆண், பெண், திருநங்கை, திருநம்பி எல்லாரையும் குறிக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் தாண்டிப் போக விரும்பவில்லை. பிரதிப்பெயர் உயிரையே வாங்கும் என்பார்கள், டெரெக் பென்ட்லியின் வழக்கைக் காட்டுவார்கள். 1952 நவம்பர் 2 அன்று லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் பென்ட்லியும் பதினாறு வயது கிறிஸ்டோபர் கிரெய்கும் போலீசாரிடம் மாட்டிக்கொண்டார்கள். துப்பாக்கி கிரெய்கிடம் இருந்தது. 'லெட் ஹிம் ஹேவ் இட்' என்று பென்ட்லி கத்தியதாகப் போலீசார் சாட்சி சொன்னார்கள். 'இட்' துப்பாக்கியா, குண்டா? போலீஸ்காரரிடம் கொடுத்துவிடு என்றாரா, அவரைப் போட்டுத் தள்ளு என்றாரா? அப்படி ஒன்று சொல்லப்படவே இல்லை என்று இருவரும் மறுத்தார்கள். ஒரு காவலர் கொல்லப்பட்டார். சுட்ட கிரெய்கை வயதைக் காரணம் காட்டித் தூக்கிலிடவில்லை. பத்தொன்பது வயது பென்ட்லியை 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது.

படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அழுத்தும் வழக்கு. ஆனால் அது அந்த இரண்டு விதிகளுக்கு ஆதரவாகப் பேசுகிறதா? 'இட்' அங்கே எந்தப் பெயர்ச்சொல்லுக்கும் பின்னால் வரவில்லை, ஆகவே அருகாமை விதிக்கு வேலையே இல்லை. பெயரைப் போடு என்றால், துப்பாக்கி என்று போடுவதா, குண்டு என்று போடுவதா என்பதுதானே வழக்கே? சொன்னவரின் கருத்து தெரிந்தால்தான் பெயரைப் போட முடியும். தூக்குமேடைக்கு அவரை அனுப்பியது பிரதிப்பெயர் அல்ல. சர்ச்சைக்குரிய ஒரு சாட்சியத்தையும் பாரபட்சமான வழிகாட்டுதலையும் வைத்து நடந்த விசாரணை அது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கை விசாரித்த நீதிபதி கோடார்டு ஜூரிக்குச் சொன்னவற்றைத்தான் முதன்மையாகக் குறை கண்டது.

பெயரைத் திருப்பி எழுதுவதே சரி என்ற இடங்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பம்பிலிருந்து வடிகட்டியைக் கழற்றி 'கிளீன் இட்' என்று ஒரு செய்முறை ஏட்டில் எழுதக் கூடாது. மருந்துச் சீட்டில், இரண்டு மாத்திரைகளைக் குறிப்பிட்ட பிறகு 'ஸ்டாப் இட்' என்று எழுதக் கூடாது. அவற்றை யாரும் முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை. எட்டாவது படியில் கண்ணை வைப்பார்கள், அவசரத்தில் வைப்பார்கள். அங்கே மனத்தில் மையம் என்று ஒன்று உருவாகியிருக்காது. ஆகவே பிரதிப்பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் பொருந்தும் ஒழுங்கைக் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் வரலாற்றுக்கும் அறிவியல் விளக்கத்துக்கும் இழுத்துக்கொண்டு வந்ததுதான் பிழை.

அப்படியானால் மயக்கம் வரும்போது என்ன செய்வது? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். 'சுதா மெட் ரேவதி ஆஃப்டர் ஷீ கேம் பேக் ஃப்ரம் டெல்லி. ஷீ வாஸ் அப்செட் அபௌட் ஹெர் ரிப்போர்ட்.' டெல்லியிலிருந்து திரும்பியது யார், வருத்தப்பட்டது யார், அறிக்கை யாருடையது என்று மூன்று கேள்விகள். எட்டு விதமாகப் படிக்கலாம். வழக்கமான திருத்தம், ரேவதி ரேவதி சுதா என்று பெயர்களை நிரப்பும். தெளிவு வரும், ஆனால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போல இருக்கும், கதை யாருடையது என்பதும் தெரியாது. இது ரேவதியின் வருத்தத்தைப் பற்றியது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பிறகு வாக்கியம் தானே வேறு வடிவம் எடுக்கும்: 'வென் ரேவதி கேம் பேக் ஃப்ரம் டெல்லி, அப்செட் அபௌட் சுதாஸ் ரிப்போர்ட், சுதா வென்ட் டு ஸீ ஹெர்.' கடைசியில் ஒரு பிரதிப்பெயர் நிற்கிறது. அது சுதாவாக இருக்க முடியாது. அவளாகவே இருந்தால் 'ஹெர்செல்ஃப்' என்று வந்திருக்கும். ஆங்கிலம் தன் கையிலேயே இப்படிப்பட்ட காவல்களை வைத்திருக்கிறது. அவற்றைத்தான் நாம் கற்க வேண்டும்.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். ராமன் கண்ணனிடம், தான் ஜெயித்துவிட்டதாகச் சொன்னான் என்றால் ஜெயித்தது ராமன். அவன் ஜெயித்துவிட்டதாகச் சொன்னான் என்றால் பெரும்பாலும் வேறு ஒருவன். 'தான்' நமக்குப் பார்த்துக்கொடுத்த வேலையை ஆங்கில 'ஹீ' செய்யாது. நம் வினைமுற்றில் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா, மரியாதையா என்பதெல்லாம் இருப்பதால், எழுவாயை விட்டுவிட்டும் எழுதலாம். ஆங்கிலத்தில் விட முடியாது. ஆகவே தமிழர் ஆங்கிலத்தில் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லும் இடம்தான். அதற்கு ஆங்கிலத்தில் தீர்வுகள் இருக்கின்றன. நேர்கூற்றாகவே எழுதலாம். 'ராமன் கிளெய்ம்டு டு ஹேவ் வன்' என்று வினையெச்சம் போன்ற வடிவத்துக்கு மாறலாம், அதில் ஜெயித்தது ராமனைத் தவிர வேறு யாருமாக இருக்க முடியாது. 'பிராமிஸ்டு டு கம்' என்பதும் அப்படியே. பாராட்டினான், மன்னிப்புக் கேட்டான் என்று திசை காட்டும் வினையைத் தேர்ந்தெடுக்கலாம். இருவரில் ஒருவரைப் பன்மையாக்கவோ, நீயென்று முன்னிலைப்படுத்தவோ முடிகிற இடமும் உண்டு. 'த ஃபார்மர்', 'த லேட்டர்' என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடலாம், அது வாசகரை மேலே போய் எண்ணிப் பார்க்க வைக்கிறது.

'திஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக நிற்கும் 'திஸ்' எல்லாமே தவறு என்கிறார்கள். முந்தைய வாக்கியம் ஒரே ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால், 'திஸ்' அந்தச் செய்தி முழுவதையும் தெளிவாகவே சுட்டும். முந்தைய பத்தியில் மூன்று செய்திகளைக் கொட்டிவிட்டு, 'திஸ் ஷோஸ்' என்று தொடங்கினால்தான் சிக்கல். அப்போதும் 'திஸ் ஃபேக்ட்' என்று பெயர்ச்சொல் ஒன்றை ஒட்டவைத்தால் தீராது, மூன்றில் எது என்பது அப்படியே தொங்கும். முந்தைய பத்தியைத் திறந்து, எந்தச் செய்தியிலிருந்து முடிவு வருகிறது என்று பார்த்து, அதைக் கடைசி வாக்கியமாக இறக்கி வைக்க வேண்டும். மென்பொருளின் அடிக்கோடு இந்த வேலையைச் சொல்வதில்லை. ஒரு சொல்லைச் சேர்த்ததும் கோடு மறைந்துவிடுகிறது. எழுதியவரும் திருந்திவிட்டதாக நம்பிவிடுகிறார்.

ஆகவே என் கோரிக்கை கேள்வித்தாளிலிருந்து தொடங்குகிறது. ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்து, இதில் எந்தப் பிரதிப்பெயர் மயக்கம் தருகிறது என்று கேட்கும் வினாக்களை நிறுத்த வேண்டும். சந்தர்ப்பத்தைப் பிடுங்கிவிட்டு மயக்கத்தைத் தேடச் சொல்வதில் மாணவர் எதையும் கற்பதில்லை. அதற்குப் பதிலாக, இருவருக்கிடையே நடந்த ஒரு சம்பவத்தைக் குறிப்புகளாகக் கொடுங்கள். இருவரும் ஒரே பாலினமாக இருக்கட்டும். மாணவர் அதை முதலில் ஒருவருடைய கதையாக ஒரு பத்தி எழுதட்டும், பிறகு மற்றவருடைய கதையாக இன்னொரு பத்தி எழுதட்டும். எந்த இடத்தில் பெயர் வேண்டும், எந்த இடத்தில் பிரதிப்பெயர் போதும் என்பது இரண்டாவது பத்தியை எழுதும்போதே அவருக்குப் பிடிபட்டுவிடும். இப்படிப்பட்ட விடைகளைத் திருத்த ஆசிரியருக்கு இப்போதைவிட அதிக நேரம் ஆகும். அந்த நேரத்தைப் பள்ளிகள் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.